மஞ்சள் வரைபடத்திலை ஒரு வெள்ளைக் கை

அத்தியாயம் 7

சகாராப் பாலைவனத்திலை ஆரோ கையை ஊண்டியிருந்தினம்.

அஞ்சு விரலும் உள்ளங்கையும் அப்பிடியே பதிஞ்சு கிடந்தது. மக்டலீன் அந்த உலகப் படத்துக்குக் கிட்டப் போனாள். படத்தின்ரை வலதுபக்கக் கீழ்மூலையைப் பாத்தாள். அங்கை அவளின்ரை அண்ணை கனிசியஸ் ஒட்டியிருந்த சின்னப் படத்தைக் காணேல்லை. மாப்பசை மட்டும் நாலு மூலையிலையும் காஞ்சு போய் வெள்ளையாத் தெரிஞ்சுது.

அண்ணையையும் காணேல்லை. அதுதான் விசயமே. நேற்றுப் பின்னேரம் அஞ்சு மணிக்கு, "பசை காயட்டும், ஒருக்கா அங்காலை போட்டு வாறன்" எண்டு போனவன். இப்ப விடிஞ்சு ஏழு மணி.

"அக்கா, கள்ளனைப் பாத்தியளே? உலகம் முழுக்கக் கிடக்குது, அதை விட்டிட்டு எங்கடை ஊரை மட்டும் கழட்டிக்கொண்டு போயிருக்கிறான்" எண்டாள் மக்டலீன். பதினாறு வயசு. பயம் கூடக் கூட வாயும் கூடுற பிள்ளை. அண்டைக்கு வாய் நிக்கவே இல்லை.

அருந்ததி படத்துக்குக் கிட்டக் குனிஞ்சாள். மூக்கைக் கொண்டுபோய் சகாராவிலை வைச்சு மணந்து பாத்தாள்.

அருந்ததியைப் பற்றிச் சொல்லோணும். வயசு இருபத்தேழு. கச்சேரி எண்டுற அரசாங்கக் கந்தோரிலை, புள்ளிவிபரப் பகுதியிலை வேலை. கனக்கக் கதைக்கமாட்டாள், ஆனால் எண்ணுவாள். போன மாதம் பக்கத்துப் பள்ளிக்கூடத்து அகதிக் காம்பிலை ஒரு பால்மா மூட்டை காணாமல் போன நேரம், ஒரு வீட்டையும் சோதிக்காமலே கள்ளனைப் பிடிச்சவள். பிள்ளையள் நிறுக்கிற கொப்பியை எடுத்தாள், எல்லாற்றை நிறையும் இறங்கேக்கை ஆற்றை பிள்ளைக்கு மட்டும் ஏறுது எண்டு கோடு கீறிப் பாத்தாள். கோடு போய் நிண்ட வீட்டுக் கட்டிலுக்குக் கீழை மூட்டை.

அண்டைக்குப் பத்து மணிக்குத் திறக்க இருந்த இந்தக் கண்காட்சியும் அவளின்ரை யோசினைதான். தொண்ணூற்றி மூண்டாம் ஆண்டு, யாழ்ப்பாணத்திலை சண்டைக்காலம், லைற் இல்லை, ரீவி இல்லை, பேப்பரும் கொப்பித் தாளிலை அச்சடிச்சு வருகுது. உலகத்திலை என்ன நடக்குது எண்டு சனத்துக்குப் படமாக் காட்டுவம் எண்டு நினைச்சாள். டியூசன் நடக்கிற டியூட்டரிக் கொட்டிலுக்குள்ளை பதினாலு படம். சனத்தொகை, பசி, காடு, அகதியள், குடிதண்ணி எண்டு. எண்ணிக்கை அருந்ததியின்ரை, கீறினது கனிசியஸ். குருநகரிலை பீரங்கிச் செல்லடிக்குப் பயந்து ஓடிவந்து பக்கத்துப் பள்ளிக்கூடத்திலை இருக்கிற முந்நூற்றிப் பன்ரெண்டு பேரிலை அவனும் ஒருத்தன். வலை பின்னுற கை, அந்தக் கைக்கு நேர்கோடு தானா வரும்.

பெயின்ற் வாங்க ஏலாத காலம். கனிசியஸ் கறுப்புக்குப் போத்தல் விளக்குக் கரி எடுத்தான். நீலத்துக்கு வெள்ளை உடுப்புக்குப் போடுற நீலம், சிவப்புக்குச் செங்கட்டித் தூள். மஞ்சளுக்கு மஞ்சளேதான், அம்மா லூர்த்தம்மாவின்ரை கறிப்பெட்டிக்குள்ளை இருந்து களவெடுத்தது. இப்ப கை பதிஞ்ச எட்டாம் படத்திலை நல்ல தண்ணி இல்லாத நாடெல்லாம் மஞ்சள். நூறு கோடிச் சனத்துக்கு மேலை அந்த மஞ்சளுக்குள்ளை. அதின்ரை மூலையிலை தன்ரை யோசினையிலை ஒரு சின்னப் படம் ஒட்டினான். காம்பும், சுத்தியிருக்கிற கிணறுகளும். வயித்தாலை போய்ப் படுத்த ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கறுப்புப் பொட்டு.

இருபத்திமூண்டு பொட்டு. எல்லாம் ஒரு கிணத்துக்குப் போற பாதையிலை.

"இது சுண்ணாம்பு அக்கா" எண்டாள் மக்டலீன். "மஞ்சளிலை சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். சந்தியிலை திருஷ்டி கழிச்சு ஊத்துற தண்ணியைக் கண்டனாங்கள்தானே. இஞ்சை பாருங்கோ, விரலைச் சுத்தி ரத்தம் மாதிரிச் சிவப்பு. வெத்திலை போடுற ஆளின்ரை கை. வெத்திலை எண்டால் இஞ்சை ஒரே ஒரு ஆள்தான்."

"ஆர்?"

"பின்னாலை நிண்டு துப்புறார்."

டியூட்டரிக் காவல்காரன் ஏரம்பு வாசலிலை நிண்டார். காம்புக்குத் தண்ணி அள்ளி ஊத்துறதும் அவர்தான். அவற்றை ஒரு கன்னம் எப்பவும் வீங்கியிருக்கும், உள்ளுக்கை வெத்திலை.

"எடி பெட்டை, என்ன என்னைக் காட்டிக் கதைக்கிறாய்?"

"உங்கடை அழகைப் பற்றித்தான் அப்பு. ராத்திரி படத்திலை கை வைச்சனீங்களே?"

"எனக்கென்ன விசரே? உந்த மஞ்சள் பூசின கடதாசியிலை கை வைச்சு என்ரை வேட்டியும் பழுதாப் போறதுக்கே?"

அருந்ததி மேசையிலை கிடந்த மஞ்சள் பூசின துண்டொண்டை எடுத்து நீட்டினாள். "அண்ணை, உங்கடை சுண்ணாம்பு விரலை இதிலை ஒருக்கா வையுங்கோ."

ஏரம்பு முழிசிப்போட்டு வைச்சார். விரல் எடுத்த இடம் சிவந்துது. மூண்டு பேரும் பாத்துக்கொண்டு நிண்டினம். சிவப்பு சிவப்பாவே இருந்தது.

"சரிதானே அக்கா!"

"பிழை" எண்டாள் அருந்ததி. "சகாராவிலை கிடக்கிற கையைப் பார். சிவப்பு எங்கை நிக்குது? ஓரத்திலை. நடுவிலை?"

மக்டலீன் பாத்தாள். நடுவிலை வெள்ளை. மஞ்சளும் இல்லை, சிவப்பும் இல்லை, வெறும் கடதாசி. அந்தக் கை நிறத்தைத் திண்டிருந்தது.

"சுண்ணாம்பு சிவப்பாக்கும், ஆனால் வெளிறப் பண்ணாது. இது முதல்லை சிவப்பாக்கி, பிறகு சாயத்தையே எடுத்திருக்கு. வெத்திலைக்காரருக்குச் சுண்ணாம்பு ஒரு விரலிலைதான் இருக்கும், இஞ்சை முழுக் கையும். நீயே மணந்து பார்."

மக்டலீன் மணந்தாள். மூக்குக்குள்ளை குத்திச்சுது. எங்கையோ மணந்த மணம். எங்கை? விடியக் குடிச்ச பால் இல்லாத பிளேன்ரீயிலை!

"ஓம் பிள்ளை" எண்டார் ஏரம்பு, வெத்திலையை மற்றக் கன்னத்துக்கு மாத்திக்கொண்டு. "ரெண்டு நாளாக் கிணத்துத் தண்ணியிலை உந்த மணந்தான். நான் வாளியைத்தான் பிழை சொன்னனான்."

"குளோரின் தூள்" எண்டாள் அருந்ததி மெல்லமா. "கிணத்துக்குப் போடுறது. ஆரோ களவாப் போடுகினம்."

கடல்பக்கம் ஒரு செல் விழுந்த சத்தம் கேட்டது. கொட்டில் கிடுகுக் கூரையிலை இருந்து தூசு கொட்டுண்டுது. மக்டலீன் தலையிலை விழுந்ததைத் தட்டிவிட்டாள்.

"அக்கா, குளோரின் மூண்டு மாதமா வரேல்லை எண்டுதானே காம்புக் கூட்டத்திலை சொன்னவை."

"சொன்னவை இல்லை. சொன்னவர். ஆர் சொன்னது?"

சொன்னவர் டிஸ்பென்சர் சோமசேகரம். றோட்டுக்கு எதிர்ப்பக்கம் மருந்துக்கொட்டில் வைச்சிருக்கிற மனிசன். அதே ஆள்தான் விடியக் காலமை அம்மாவிட்டை வந்து சொன்னவர்: "உங்கடை பெடியன் நேற்றே வல்வெட்டித்துறைக்கு வெளிக்கிட்டிட்டான் அம்மா. வள்ளம் ஏறப் போறன், வீட்டை சொல்லிவிடுங்கோ எண்டவன்." அம்மா செபமாலையைப் பிடிச்சுக்கொண்டு குந்தினவதான், இன்னும் எழும்பேல்லை. எத்தினை வீட்டுப் பெடியள் அப்பிடி வீட்டிலை சொல்லாமல் கடல் தாண்டிப் போனவங்கள். சனம் நம்பிச்சுது. மக்டலீன் மட்டும் நம்பேல்லை. பசை காயட்டும் எண்டு சொன்னவன், காஞ்சதோ எண்டு வந்து பாக்காமல் போகமாட்டான்.

"இப்பவே போய்க் கேப்பம்!"

"கேட்டால் இல்லை எண்டுவார். நாங்கள் கேக்கப் போறேல்லை, குடுக்கப் போறம்" எண்டு அருந்ததி ஒரு அழைப்பிதழை எடுத்தாள். கனிசியஸ் கையாலை எழுதினது. சுத்திவர நல்ல தடிப்பா மஞ்சள் கரை.

மருந்துக்கொட்டில் மேசையிலை நோயாளரின்ரை கொப்பி ஒண்டு விரிஞ்சு கிடந்தது. சோமசேகரம் பின்பக்கத்தாலை வந்தார். ஐம்பது வயசு, தோய்ச்ச வெள்ளைச் சேட்டு. கை ஈரம். சாரத்திலை துடைச்சுக்கொண்டே, "என்ன பிள்ளையள், கண்காட்சிக்கு நேரம் வந்திட்டுதே?" எண்டு சிரிச்சார். அந்தச் சிரிப்பு கண் வரைக்கும் வரேல்லை. ராத்திரி முழுக்க நித்திரை கொள்ளாத கண்.

"உங்களைக் கூப்பிடாமல் திறக்கிறதே ஐயா?" அருந்ததி அழைப்பிதழை நீட்டினாள். அவர் வாங்கினார்.

"ஐயா, இவளின்ரை அண்ணை வள்ளம் ஏறப் போறன் எண்டு எத்தினை மணிக்குச் சொன்னவன்?"

"ஆறு, ஆறரை இருக்கும்."

"பையோடையோ வந்தவன்?"

"பையோ... ஓம். ஒரு பை இருந்தது."

"எங்களிட்டை ஒரு பைதான் ஐயா இருக்கு" எண்டாள் மக்டலீன். "அதுக்குள்ளை இப்ப வெங்காயம் கிடக்குது. வெங்காயத்தை இறக்கிப்போட்டு வள்ளம் ஏறினவனாக்கும்."

சோமசேகரம் சிரிக்கேல்லை. அருந்ததி அவற்றை முகத்தையே பாக்கேல்லை, கையைப் பாத்தாள். மக்டலீனும் பாத்தாள். அழைப்பிதழின்ரை மஞ்சள் கரையிலை பெருவிரல் இருந்த இடம். முதல்லை ஒரு செம்மை. சொட்டுச் சொட்டாக் கூடி, கடும் சிவப்பு. பிறகு அந்தச் சிவப்புக்கு நடுவிலை ஒரு வெள்ளைப் புள்ளி. அது பெருத்துது.

அவரும் குனிஞ்சு பாத்தார்.

"கெட்டிக்காரி" எண்டார். "விடியத்தான் கிணத்துக்குப் போட்டனான். கை கழுவினனான். போகேல்லை."

"அண்ணை எங்கை?" மக்டலீனுக்குக் குரல் கிழிஞ்சுது. "கிணத்துக்குள்ளையோ? அவனையும் கிணத்துக்குள்ளையோ போட்டியள்?"

"சத்தம் போடாதை பிள்ளை."

"போடுவன்! றோட்டுக்குக் கேக்கப் போடுவன்!"

அவர் பூட்டுத் திறப்பை எடுத்தார். கொட்டிலுக்குப் பின்னாலை, ஒரு காலத்திலை புகையிலை காயப்போட்ட குடில். வெளியிலை பூட்டு. அவர் திறந்தவுடனை மணம் முகத்திலை அடிச்சுது. ஓலைப்பாயள். ஒண்டு, ரெண்டு, மூண்டு, மக்டலீன் ஒன்பது வரைக்கும் எண்ணினாள். எல்லாம் அவளுக்குத் தெரிஞ்ச முகம். காய்ச்சல் எண்டு சொந்தக்காரர் வீட்டை அனுப்பினதாச் சொன்ன முகங்கள்.

கடைசிப் பாயிலை கனிசியஸ். கூரை வளையிலை கட்டித் தூங்கவிட்ட சேலைன் போத்தல், அதிலை நாலு விரல் தண்ணி. ஒரு ராத்திரியிலை கண் ரெண்டும் குழிக்குள்ளை போயிருந்தது. உயிர் இருந்தது.

"வாந்திபேதி" எண்டார் சோமசேகரம். "பேரைச் சொல்லாமல் இருந்தனான், இப்ப சொல்லுறன். நேற்றுப் படத்தைப் பற்றிக் கதைக்க வந்தவன். கதைச்சுக்கொண்டு நிக்கேக்கையே விழுந்தான்."

"படத்தைக் கிழிக்க உங்களுக்கு என்ன உரிமை?" எண்டாள் அருந்ததி. அவள் கோவத்திலை கதைச்சதை மக்டலீன் அண்டைக்குத்தான் முதல் கண்டது.

"உரிமையோ? அந்தாக் கிடக்கிறான், அவனைக் கேள். கிழிக்கச் சொன்னதே அவன்தான்."

மக்டலீன் அண்ணையைப் பாத்தாள். கனிசியஸ் கண்ணை மூடித் திறந்தான்.

"ஓம்" எண்டான். காத்து மாதிரி ஒரு குரல். "நான்தான் மக்டா. பொட்டு வைக்கேக்கை விளங்கேல்லை. ஐயா சொன்னாப் பிறகுதான்..."

"என்ன சொன்னவர்?"

சோமசேகரம் சொன்னார். கையை விரிச்சுக்கொண்டு, ஆரோ நீதவானுக்குச் சொல்லுற மாதிரி. அந்தப் படத்தைச் சனம் பாத்தால் பத்து மணிக்கே ஊர் முழுக்கத் தெரியும். காம்பை மூடச் சொல்லி மேலை இருந்து ஓடர் வரும். வாந்திபேதிக்காரரை எந்த ஊர் உள்ளுக்கை எடுக்கும்? எந்தப் பள்ளிக்கூடம் திறந்து விடும்? ஒருத்தரும் இல்லை. அப்ப முந்நூற்றிப் பன்ரெண்டு பேரும் எங்கை போறது? சொந்த வீட்டுக்கு. குருநகர் கரைக்கு. செல்லுக்குக் கீழை.

"குளோரின் ஒரு பேணி ஒளிச்சு வைச்சிருந்தனான். ரெண்டு நாள் போட்டிட்டன். இன்னும் மூண்டு நாள் போட்டால் நிக்கும் எண்டு நினைச்சன். நிண்டால் ஒருத்தருக்கும் தெரியாமலே போயிடும். நல்ல தண்ணி உள்ளது அந்த ஒரு கிணறுதான், மற்றதெல்லாம் உவர். மூடினாலும் சாவு, மூடாட்டிலும் சாவு. நீயே கணக்குப் பாக்கிற பிள்ளை, சொல்லு பாப்பம், நான் என்ன செய்ய?"

எல்லாத்துக்கும் ஒரு கோடு கீறுற அருந்ததி அந்தப் பாயளைத் திரும்ப எண்ணினாள்.

"சேலைன் எத்தினை போத்தல் இருக்கு?" எண்டு மக்டலீன் கேட்டாள்.

"உந்தத் தொங்கிறதுதான்."

"மற்ற எட்டுப் பேருக்கும்?"

"உப்பும் சீனியும் கரைச்ச தண்ணி. விழுங்கக் கூடியவை விழுங்கினம்."

போத்தலிலை தண்ணி மூண்டு விரலுக்கு வந்திட்டுது.

"மக்டா" எண்டான் கனிசியஸ். "வாயைத் திறக்காதை. அம்மாவும் அங்கைதான் இருக்கிறா. யோசிச்சுப் பார்."

மக்டலீன் யோசிச்சாள். உலகத்திலை ஐந்நூற்றைம்பது கோடிச் சனம் எண்டு முதலாம் படத்திலை கிடக்குது. அவளுக்கு அதிலை ஒரு அண்ணை. அவள் திரும்பி அருந்ததியின்ரை கையிலை இருந்த சைக்கிள் திறப்பைப் பறிச்சாள். அருந்ததி விடாமல் ஒரு கணம் பிடிச்சாள். பிறகு விட்டாள்.

யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்கு ஆறு மைல்கட்டைத் தூரம். பின் சில்லுக்குக் காத்துப் போதாது. கொட்டிலடியிலை கண்காட்சிக்கு எண்டு சனம் வரத் தொடங்கியிருந்தது. பிள்ளையளுக்குத் தலை இழுத்து, பவுடர் பூசிக் கூட்டிக்கொண்டு நிண்டினம். "எங்கை மக்டலீன் ஓடுறாய், உலகம் இஞ்சை எல்லே கிடக்குது!" எண்டு ஒரு பொம்பிளை பகிடி விட்டா. மக்டலீன் திரும்பிப் பாக்கேல்லை.

ஆஸ்பத்திரியிலை மேசைக்குப் பின்னாலை இருந்த மனிசன் பேனையை எடுத்தார்.

"எத்தினை பேர்?"

அந்த ஒரு கேள்விதான். ஒருத்தர் எண்டு சொல்லியிருக்கலாம். ஒருத்தர் எண்டால் ஒரு போத்தல் தருவினம். சைக்கிள் கூடையிலை வைச்சுக்கொண்டு போய், ஒருத்தருக்கும் தெரியாமல், அண்ணைக்கு மட்டும் கட்டலாம். காம்பும் காம்பாவே இருக்கும். அவளுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்திட்டுது. பிறகு அந்தக் குடிலுக்குள்ளாலை, எட்டுப் பாயைத் தாண்டி, ஒரு போத்தலைக் கொண்டு நடக்கிறதை நினைச்சாள். அந்த எட்டுப் பேரும் முழிச்சுக்கொண்டு கிடக்கினம்.

"நாப்பத்தியொண்டு" எண்டாள். காலமை சோமசேகரத்தின்ரை மேசையிலை விரிஞ்சு கிடந்த கொப்பியிலை கண்ட எண், அண்ணை அறிஞ்சு வைச்ச இருபத்திமூண்டு பொட்டிலும் கூட. "செத்தது மூண்டு. அது வேறை."

மனிசனின்ரை பேனை நிண்டுது. அவர் எழும்பி உள்ளுக்கை ஓடினார்.

ஒரு மணிக்கு ஆஸ்பத்திரி வான் வந்துது. பெட்டி பெட்டியாச் சேலைன், ரெண்டு நேர்ஸ்மார், முகத்துக்குத் துணி கட்டின ஒரு டொக்டர். கனிசியஸ்தான் கடைசி. ஊசி ஏத்தேக்கை அவனுக்கு நோவு தெரிஞ்சுது. நோவு தெரிஞ்சது நல்லது எண்டு நேர்ஸ் சொன்னா. ரெண்டாம் போத்தல் அரைவாசி இறங்கேக்கை அவன்ரை உதட்டிலை ஒரு ஈரம் வந்துது. மக்டலீன் பாயோடை குந்தி அவன்ரை பெருவிரலைப் பிடிச்சுக்கொண்டு இருந்தாள்.

அப்பதான் சத்தம் கேட்டது. பாரமான வாகனம். கிடுகு நீக்கலுக்குள்ளாலை எட்டிப் பாத்தாள். நாலு லொறி. பின்பலகை இறக்கி, வெறும் லொறி. பள்ளிக்கூட வாசலிலை வரிசையா வந்து நிண்டுது. அம்மா லூர்த்தம்மா செபமாலையோடை எழும்பி வாசலுக்கு வந்து, ஒவ்வொரு லொறியாப் பாத்துக்கொண்டு நிண்டா.

"என்ன சத்தம்?" எண்டான் கனிசியஸ், கண் திறக்காமல்.

"லொறி. சாமான் கொண்டந்திருக்கினம் போலை."

"எஞ்சினை நிப்பாட்டினவங்களே?"

மக்டலீனுக்கு விளங்கிச்சு. மண்ணெண்ணெயிலை ஓடுற லொறி. திரும்ப எடுக்கிறதுக்கு ஒரு மூடி பெற்றோல் வேணும், அது ஆரிட்டையும் இல்லை. கன நேரம் நிக்கப் போற ஆள் எண்டால் நிப்பாட்டுவான். சனத்தை ஏத்திக்கொண்டு திரும்பக் குருநகர்க் கரைக்கு உடனை வெளிக்கிடப் போற ஆள்தான் நிப்பாட்டமாட்டான்.

நாலு எஞ்சினும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஓம் அண்ணை, நிப்பாட்டிப் போட்டாங்கள்!" எண்டு மக்டலீன் சொன்னாள். எஞ்சின் சத்தம் அவன்ரை காதுக்குப் போகாத மாதிரி, ஏலக்கூடிய மட்டும் பலமாச் சொன்னாள்.